மேக்னா கார்ட்டாவுக்கு எது உண்மையான பிறந்தநாள்? ஜான் மன்னர் கதையோட ஒரு எளிய விளக்கம்

நம்ம ஊர்ல எந்த நல்ல சட்டம் வந்தாலும், எந்த முக்கியமான அறிக்கை வந்தாலும், "இதுதான் இந்தத் துறையோட மேக்னா கார்ட்டா"ன்னு ஒரு பட்டம் குடுத்துடுவாங்க. 1854ல வந்த வுட்ஸ் கல்வி அறிக்கைக்கு அந்தப் பேரு, நம்ம அரசியலமைப்புல இருக்கற அடிப்படை உரிமைகள் பகுதிக்கும் அந்தப் பேரு. சரி, அந்த ஒரிஜினல் மேக்னா கார்ட்டா, அதாவது மகாசாசனம், என்னதான்யான்னு கேட்டா பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: 1215ல இங்கிலாந்து மக்கள் திரண்டு போய் ஜான்ங்கற கொடுங்கோல் ராஜாகிட்ட கையெழுத்து வாங்கினாங்க, அன்னையிலேருந்து ஜனநாயகம் வந்துடுச்சு. இதுல ராஜா பேரும் வருஷமும் சரி. மக்கள் திரண்டதும் கையெழுத்தும் ஜனநாயகமும் தப்பு. அந்த வருஷத்துலயே கூட ஒரு சிக்கல் இருக்கு, அதுக்குக் கடைசியில வர்றேன், ஏன்னா ஆண்டுவிழா எல்லாம் அந்தச் சிக்கல் மேலதான் நடக்குது.

வரலாறு படிக்காதவங்களுக்கும் புரியற மாதிரி அடியிலேருந்து சொல்றேன். தெரிஞ்சவங்க முதல் பகுதியைத் தாண்டிப் போயிடலாம்.

ராஜா ஒரு ஹவுஸ் ஓனர்னு வச்சுக்கங்க

அக்ரிமென்ட் எதுவும் எழுதாம வாய்ப்பேச்சுல வாடகைக்கு இருக்கற ஒரு பெரிய காம்பவுண்டை நினைச்சுக்கங்க. ஓனர் ஒருத்தர், குடித்தனம் நிறைய. வாடகை இவ்வளவு, பொங்கலுக்கு வெள்ளையடிக்கறது யாரு, தண்ணி மோட்டார் ரிப்பேருக்கு யாரு காசு எல்லாமே பழக்கத்துல ஓடிக்கிட்டிருக்கு. அப்பா போய் மகன் அந்த வீட்டுல தொடர்ந்து இருக்கணும்னா ஓனருக்கு ஒரு தொகை குடுக்கணும், அது எவ்வளவுன்னு எங்கயும் எழுதல. பழைய ஓனர் நியாயமா நடந்துக்கிட்டா யாருக்கும் பிரச்சனை இல்ல. புது ஓனர் கடன்ல மாட்டிக்கிட்டு ஒவ்வொருத்தர் கதவையும் தட்டி, "நீ அம்பதாயிரம் குடு, நீ அஞ்சு லட்சம் குடு, இல்லன்னா காலி பண்ணு"ன்னு ஆரம்பிச்சா என்ன ஆகும்? கேட்கறதுக்கு எழுத்துல ஒண்ணும் இல்ல. அப்பதான் எல்லாரும் சேர்ந்து, "ஐயா, பேசினதை எல்லாம் பேப்பர்ல எழுதிக் குடுங்க"ன்னு நிப்பாங்க.

13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்துச்சு. நாட்டு நிலம் முழுக்க சட்டப்படி ராஜாவோடது. பெரிய பெரிய பகுதிகளை ராஜா தன் கீழ இருக்கற பிரபுக்களுக்குக் குடுப்பாரு, இவங்களை பாரன்கள்னு சொல்வாங்க. பதிலுக்கு பாரன் போர்க்காலத்துல இத்தனை குதிரைவீரர்களை அனுப்பணும். பாரன் தன் நிலத்தைப் பிரிச்சு கீழ இருக்கறவங்களுக்குக் குடுப்பாரு, அவங்க இன்னும் கீழ. நிலத்துக்குப் பதில் சேவைங்கற இந்த ஏணிக்குத்தான் நிலமானிய முறைன்னு பேரு.

இந்த ஏணியில ராஜாவுக்குக் காசு வர்ற வழிகள்ல ரெண்டைத் தெரிஞ்சுக்கிட்டா போதும். ஒண்ணு ரிலீஃப்: பாரன் செத்துட்டா வாரிசு நிலத்தைக் கைக்கு எடுக்க ராஜாவுக்குக் கட்டற தொகை. இன்னொண்ணு ஸ்கூட்டேஜ்: போருக்கு ஆள் அனுப்பறதுக்குப் பதிலா கட்டற பணம். ரெண்டுமே ஜான் கண்டுபிடிச்சதில்ல, அவர் தாத்தா காலத்துக்கும் முன்னாடியே இருந்த வழக்கம்தான். எவ்வளவு, எத்தனை தடவைங்கறதுக்குத்தான் எழுதி வச்ச வரம்பு கிடையாது.

சுருக்கமா இதுவரைக்கும்: நிலம் ராஜாவோடது, பாரன்கள் சேவைக்கும் பணத்துக்கும் கட்டுப்பட்டவங்க, கட்டணம் எல்லாம் பழக்கத்துல நடந்துச்சு. பழக்கம்ங்கறது ராஜா நல்லவரா இருக்கற வரைக்கும்தான் தாங்கும்.

ஜான் எப்படி மாட்டிக்கிட்டாரு

ஜான் இரண்டாம் ஹென்றியோட கடைசிப் பையன். அண்ணன்களுக்கெல்லாம் நிலம் பங்கு போட்டுக் குடுத்த நேரத்துல இவருக்கு ஒண்ணும் இல்லாததால நிலமில்லாதவர்ங்கற பட்டப்பேரு சின்ன வயசுலயே ஒட்டிக்கிச்சு. அண்ணன் ரிச்சர்ட், அதான் சிங்க இதயம்னு புகழ்ற அந்த ரிச்சர்ட், 1199ல பிரான்ஸ்ல ஒரு கோட்டை முற்றுகையில வில்லம்பு பட்டு செத்ததும் ஜான் ராஜாவாயிட்டாரு. அப்ப இங்கிலாந்து ராஜான்னா வெறும் இங்கிலாந்து மட்டும் இல்ல, நார்மண்டி, ஆஞ்சூ, அக்விட்டேன்னு பிரான்ஸோட மேற்குப் பாதியும் கையில இருந்துச்சு. பிரான்ஸ் ராஜா இரண்டாம் பிலிப் இதை எப்படா பிடுங்கலாம்னு காத்துக்கிட்டிருந்தாரு.

ஜான் அதுக்கு வழியை அவரே போட்டுக் குடுத்தாரு. 1200ல இசபெல்லாங்கற பொண்ணைக் கல்யாணம் பண்ணாரு, அந்தப் பொண்ணு ஏற்கனவே லூசின்யான் குடும்பத்து ஹியூவுக்கு நிச்சயமானவங்க. அந்தக் குடும்பம் பிலிப்கிட்ட போய் முறையிட்டுச்சு, பிரான்ஸ் நிலத்துக்கு ஜானுக்கு மேல பிலிப்தான் எஜமான்ங்கறதால அவர் ஜானைத் தன் நீதிமன்றத்துக்கு வரச் சொன்னாரு, ஜான் போகல, 1202ல பிலிப் அந்த நிலமெல்லாம் பறிமுதல்னு அறிவிச்சுட்டாரு. அதே வருஷம் ஜானோட அண்ணன் மகன் ஆர்தர், ராஜா பதவிக்குப் போட்டியா நின்ன பையன், ஜான் கையில சிக்கினான். 1203க்கு அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான்னே தெரியல. ஜான்தான் கொன்னுட்டாருன்னு ஊர் முழுக்கப் பேச்சு, கூட இருந்தவங்களே கட்சி மாறினாங்க. 1204ல நார்மண்டி கையை விட்டுப் போச்சு.

இங்க ஒரு விஷயம் கவனிக்கணும், ஏன்னா பின்னாடி வர்ற பணத் தொல்லைக்கெல்லாம் வேர் இதுதான். ஜானுக்கு மிச்ச ஆட்சி முழுக்க ஒரே நோக்கம்: விட்ட நிலத்தைத் திரும்பப் பிடிக்கணும். அதுக்குப் படை வேணும், படைக்குப் பணம் வேணும். ஜான் வெறும் பேராசைக்காரர்னு கதை சொல்றவங்க இதை விட்டுடறாங்க. அப்பாவும் அண்ணனும் கூட காசு கறந்தவங்கதான், அண்ணன் சிலுவைப்போருக்கும் அப்புறம் சிறை மீட்புக்கும் நாட்டையே வழிச்சு எடுத்துட்டுப் போனவரு, ஆனா அவர் போர்ல ஜெயிச்சதால யாரும் கேட்கல. ஜான் பணத்தையும் வாங்கினாரு, போர்லயும் தோத்தாரு.

நடுவுல சர்ச்சோட ஒரு சண்டை. கேன்டர்பரி தலைமைப் பேராயர் 1205ல இறந்ததும் அடுத்தது யாருன்னு தகராறு, போப் மூன்றாம் இன்னொசென்ட் ஸ்டீஃபன் லாங்டன்ங்கறவரை நியமிச்சாரு, ஜான் அவரை நாட்டுக்குள்ளயே விடல. போப் 1208ல இங்கிலாந்து மேல இன்டர்டிக்ட் போட்டாரு, அதாவது நாடு முழுக்க சர்ச் வழிபாட்டுக்குத் தடை: பூசை கிடையாது, செத்தவங்களைச் சர்ச் நிலத்துல புதைக்க முடியாது. ஆறு வருஷம் இப்படி ஓடுச்சு. ஜான் அசரல, சர்ச் சொத்தோட வருமானத்தை எடுத்துக்கிட்டு ஜாலியா இருந்தாரு. 1213ல பிலிப் படையெடுக்க ரெடியானப்பதான் திடீர்னு பல்டி: போப் கால்ல விழுந்து, இங்கிலாந்தையே போப்புக்குக் குடுத்து, அவருக்குக் கீழ்ப்பட்ட ராஜாவா வருஷத்துக்கு 1000 மார்க் கட்டறேன்னு ஒத்துக்கிட்டாரு. மார்க்ங்கறது கணக்குக்கு வச்சிருந்த ஒரு அளவு, ஒரு பவுண்டுல மூணுல ரெண்டு பங்கு. ஒரே நாள்ல போப் எதிரியிலேருந்து காவலனா மாறிட்டாரு. அவமானம்னு நிறைய பேர் எழுதறாங்க, எனக்கென்னவோ ஜான் ஆட்சியிலேயே புத்திசாலித்தனமான ஒரே மூவ் இதுதான்னு தோணுது, ரெண்டு வருஷம் கழிச்சு அது எப்படிப் பயன்பட்டுச்சுன்னு பாருங்க.

பில் வந்த கணக்கு

இப்ப காசு விஷயம். ஜான் தன் 17 வருஷ ஆட்சியில ஸ்கூட்டேஜ் 11 தடவை போட்டாரு, அப்பா இரண்டாம் ஹென்றி 35 வருஷத்துல 8 தடவைதான். 1214ல ரேட்டையும் ஏத்தி ஒரு வீரன் நிலத்துக்கு 3 மார்க்னு கேட்டாரு. 1207ல எல்லாரோட அசையும் சொத்துலயும் வருமானத்துலயும் பதிமூணுல ஒரு பங்கு வரி போட்டதுல மட்டும் சுமார் 60,000 பவுண்டு வசூல், அது ராஜாவோட சாதாரண ஒரு வருஷ வருமானத்தை விட ஜாஸ்தி.

ரிலீஃப்தான் ரொம்ப மோசம். நிக்கோலஸ் டி ஸ்டட்வில்ங்கற பாரன்கிட்ட 1205ல கேட்ட தொகை 10,000 மார்க், பவுண்டுல போட்டா 6,600க்கு மேல. இதெல்லாம் கட்ட முடியாதுன்னு ஜானுக்கே தெரியும், கட்ட முடியாத கடன்ல ஒருத்தரை வச்சிருந்தா அவரு நம்ம கைப்பிடிக்குள்ள இருப்பாருங்கறதுதான் கணக்கு. எப்ப வேணா கடனை வசூல் பண்ணலாம், எப்ப வேணா தள்ளுபடி பண்ணலாம், எல்லாம் அன்னைக்கு ராஜா மூடைப் பொறுத்தது. வில்லியம் டி பிரியூஸ்னு ஒருத்தர் ஜானுக்கு ரொம்ப நெருக்கமா இருந்து மேல வந்தவரு, பகை ஆனதும் கடனைக் காரணம் காட்டி நிலத்தையெல்லாம் பறிச்சு, அவரு தப்பி ஓட, 1210ல அவர் மனைவி மட்டில்டாவையும் மூத்த மகனையும் சிறையில பட்டினி போட்டே சாகடிச்சாங்க. பாரன்களுக்கு அது மறக்கவே இல்ல. நாளைக்கு நம்ம வீட்டுக்கும் இதுதானேன்னு ஒவ்வொருத்தரும் யோசிச்சிருப்பாங்க.

சேர்த்த பணத்தையெல்லாம் எடுத்துக்கிட்டு 1214ல ஜான் பிரான்ஸ் போனாரு. ஜூலை 27 அன்னைக்கு பூவின்ங்கற இடத்துல ஜானோட கூட்டாளிப் படைகளை பிலிப் நொறுக்கிட்டாரு. பத்து வருஷச் சேமிப்பு ஒரே மத்தியானத்துல காலி. தோத்துத் திரும்பி வந்த ராஜா மறுபடி ஸ்கூட்டேஜ் பாக்கியைக் கேட்டாரு பாருங்க, அங்கதான் வெடிச்சுச்சு.

ரன்னிமீட்ல நடந்தது

1215 மே மாசம் ஆரம்பத்துல ஒரு பகுதி பாரன்கள் ராஜாவுக்குக் குடுத்த விசுவாச வாக்கைத் திரும்ப எடுத்துக்கறோம்னு அறிவிச்சாங்க. ராபர்ட் ஃபிட்ஸ்வால்டர்ங்கறவரு தலைவர், தன்னைக் கடவுளோட படைக்குத் தளபதின்னு சொல்லிக்கிட்டாரு (இவரும் ஒண்ணும் புனிதர் இல்ல, மூணு வருஷம் முன்னாடி ஜானைக் கொல்லச் சதி பண்ணதா மாட்டி ஓடிப்போனவரு). மே 17 லண்டன் நகரம் இவங்களுக்குக் கதவைத் திறந்து விட்டுச்சு. லண்டன் போனதும் ஜானுக்குப் பேச்சுவார்த்தையைத் தவிர வேற வழியில்ல.

விண்ட்சருக்கும் ஸ்டெய்ன்ஸுக்கும் நடுவுல தேம்ஸ் ஆத்தோரம் ரன்னிமீட்னு ஒரு புல்வெளி. ஜான் இருந்தது விண்ட்சர் கோட்டையில, பாரன்கள் ஸ்டெய்ன்ஸ் பக்கம், ரெண்டு பேருக்கும் நம்பிக்கை இல்லாததால நடுவுல ஒரு இடம். லாங்டன் அங்க இங்கன்னு நடந்து சமாதானம் பேசினாரு. ஜூன் 15ன்னு தேதி போட்ட ஆவணம் தயாராச்சு, ஜூன் 19 பாரன்கள் மறுபடி விசுவாசம் சொன்னாங்க.

கையெழுத்து யாரும் போடல. அன்னைக்கு ராஜ ஆவணம்னா மெழுகு முத்திரைதான், அதையும் அதுக்குன்னு இருக்கற அதிகாரிங்க பதிப்பாங்க. 2015ல 800வது ஆண்டுக்கு பிரிட்டன்ல அடிச்ச ரெண்டு பவுண்டு நாணயத்துல ஜான் கையில இறகுப் பேனாவோட நிக்கறாரு, வரலாற்று ஆசிரியர்கள் தலையில அடிச்சுக்கிட்டாங்க. அதோட "ஒரிஜினல்"னு ஒரே ஒரு காகிதம் கிடையாது. ஆட்டுத்தோல் தாள்ல நிறைய பிரதி எழுதி நாடு முழுக்க அனுப்பினாங்க, அதுல இன்னைக்கு நாலுதான் மிச்சம்: பிரிட்டிஷ் நூலகத்துல ரெண்டு, லிங்கன்ல ஒண்ணு, சாலிஸ்பரி பேராலயத்துல ஒண்ணு.

அதுல என்னதான் எழுதியிருந்துச்சு

லத்தீன்ல பிரேக்கே இல்லாம எழுதின ஒரே நீளமான உரை, 63 பிரிவுன்னு நம்பர் போட்டதெல்லாம் பின்னாடி வந்தவங்க. படிச்சுப் பாத்தா பெரும்பகுதி நான் மேல சொன்ன வாடகை அக்ரிமென்ட் மாதிரியே இருக்கும். பாரன் வாரிசு கட்ட வேண்டிய ரிலீஃப் 100 பவுண்டு, அதுக்கு மேல கிடையாது (டி ஸ்டட்வில்கிட்ட கேட்டது 6,600ன்னு ஞாபகம் வச்சுக்கங்க). விதவையை மறுமணம் பண்ணிக்கோன்னு கட்டாயப்படுத்தக் கூடாது. ஸ்கூட்டேஜ் போடணும்னா நாட்டோட பொது ஆலோசனை வேணும். தேம்ஸ், மெட்வே ஆறுகள்ல மீன்பிடிக்கக் கட்டியிருக்கற தடுப்புகளை எடுக்கணும். நாடு முழுக்க ஒயினுக்கும் தானியத்துக்கும் துணிக்கும் ஒரே அளவு. மனித உரிமைன்னு நினைச்சுத் திறந்தா மீன் தடுப்பு வருதேன்னு சிரிப்பு வரும், ஆனா அன்னைக்கு ஆத்துல படகுப் போக்குவரத்து நின்னா லண்டன்ல வியாபாரம் நிக்கும், அவங்களுக்கு அது சீரியஸ் மேட்டர்.

நடுவுல 39, 40ன்னு ரெண்டு பிரிவு இருக்கு. சுதந்திரமான எந்த மனுஷனையும் அவனுக்குச் சமமானவங்களோட தீர்ப்போ நாட்டுச் சட்டமோ இல்லாம பிடிக்கவோ அடைக்கவோ சொத்தைப் பறிக்கவோ நாடு கடத்தவோ மாட்டோம்ங்கறது ஒண்ணு. நீதியை யாருக்கும் விக்க மாட்டோம், மறுக்க மாட்டோம், இழுத்தடிக்க மாட்டோம்ங்கறது இன்னொண்ணு. இன்னைக்கு மேக்னா கார்ட்டான்னாலே எல்லாரும் சொல்றது இந்த ரெண்டைத்தான். ஆனா "சுதந்திரமான மனுஷன்"ங்கற வார்த்தையைப் பாருங்க. கிராமத்துல நிலத்தோட கட்டுண்டு கிடந்த பண்ணையாட்கள் அதுல வர மாட்டாங்க, அவங்கதான் எண்ணிக்கையில ரொம்பப் பெரிய கூட்டம். அவங்களுக்குன்னு இருந்தது, அபராதம் போட்டா உழவுக் கருவியைப் பிடுங்கற அளவுக்குப் போடக் கூடாதுங்கற மாதிரி கொஞ்சம்தான். பெண்கள் நிலைமை இன்னும்: கணவன் கொலையைத் தவிர வேற எந்தக் கொலைக்கும் ஒரு பொண்ணு குடுக்கற குற்றச்சாட்டு மேல யாரையும் கைது பண்ணக் கூடாதுன்னே ஒரு பிரிவு இருக்கு.

அப்புறம் 61ஆவது பிரிவு, எல்லாத்தையும் கவுத்தது இதுதான். பாரன்கள் தங்களுக்குள்ள 25 பேரைத் தேர்ந்தெடுப்பாங்க. ராஜா வாக்கை மீறினா 40 நாள் டைம், சரி பண்ணலைன்னா அந்த 25 பேரும் நாட்டு மக்களோட சேர்ந்து ராஜாவோட கோட்டை, நிலம், சொத்து எல்லாத்தையும் பிடுங்கலாம், ராஜா ராணி குழந்தைங்க உடம்பு மேல மட்டும் கை வைக்கக் கூடாது. அதாவது ஓனர் அக்ரிமென்டை மீறினா குடித்தனக்காரங்க சங்கம் வீட்டையே ஜப்தி பண்ணலாம்னு ஓனரே எழுதிக் குடுத்த மாதிரி. எந்த ராஜாவும் இதை மனசார ஏத்துக்க மாட்டாரு.

இந்தப் பகுதியோட சாரம்: 1215 ஆவணம் பணக்கார நிலப்பிரபுக்கள் தங்களுக்காகப் பேசின சமாதான ஒப்பந்தம். அதுக்குள்ள ரெண்டு பிரிவு மட்டும் எழுதினவங்க நினைச்சதை விடப் பெருசா வளரக்கூடியதா இருந்துச்சு.

பத்து வாரம்தான் ஆயுசு

ஜான் உடனே தன் புது எஜமானுக்கு லெட்டர் போட்டாரு. 1213ல கால்ல விழுந்தது இப்ப கை குடுத்துச்சு: இங்கிலாந்து போப்போட நாடு, போப்பைக் கேட்காம ராஜா இப்படி எழுதிக் குடுத்தது எப்படிச் செல்லும்? ஆகஸ்ட் 24 அன்னைக்கு மூன்றாம் இன்னொசென்ட் அந்தச் சாசனம் கட்டாயப்படுத்தி வாங்கினது, வெட்கக்கேடு, நியாயமில்லாதது, என்னைக்கும் செல்லாதுன்னு ரத்து பண்ணிட்டாரு. ஜூன் 15லேருந்து எண்ணினா சரியா பத்து வாரம். பாரன்களும் யோக்கியமா நடந்துக்கல, லண்டனைத் திருப்பிக் குடுக்கறோம்னு சொன்னதைக் குடுக்கல. உள்நாட்டுப் போர் வந்துடுச்சு. பாரன்கள் பிரான்ஸ் ராஜாவோட மகன் லூயியையே கூப்பிட்டு நீ வந்து ராஜாவா இருன்னாங்க, 1216 மே மாசம் அவரும் படையோட வந்து இறங்கினாரு.

1216 அக்டோபர்ல வாஷ்ங்கற கழிமுகத்தைக் கடக்கறப்ப ஜானோட சாமான் வண்டிகள் ஒரு பகுதி அலையிலயும் சேத்துலயும் போயிடுச்சு (ராஜ நகை அதுலதான்னு இன்னைக்கும் தேடற ஆளுங்க இருக்காங்க). ஏற்கனவே வயித்துக்கடுப்புல கிடந்த ஜான், அக்டோபர் 18 ராத்திரி நியூவார்க் கோட்டையில செத்துப்போனாரு. ஆட்சி முடிஞ்சப்ப பாதி நாடு எதிரி கையில, வாரிசுக்கு வயசு 9.

செத்த ஒப்பந்தம் உயிரோட வந்த விதம்

இங்கதான் உண்மையான மெக்கானிசம் இருக்கு, 1215க்கு மேளம் அடிக்கறவங்க தாண்டிப் போற இடமும் இதுதான். ஜான் இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தா மேக்னா கார்ட்டாங்கற பேரே நமக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு நான் நினைக்கறேன்.

லண்டன் எதிரி கையில இருந்ததால மூன்றாம் ஹென்றின்னு அந்தச் சின்னப் பையனுக்கு கிளவுஸ்டர்ல முடி சூட்டினாங்க. அவனுக்காக ஆட்சி நடத்தினவரு வில்லியம் மார்ஷல், எழுபது வயசு பக்கம் இருந்த பழம்பெரும் வீரர். அவரு யோசிச்சாரு: பாரன்கள் சண்டை போட்டது ஜானோட, இந்தப் பையனோட இல்ல. அவங்க கேட்டதை நாமளே குடுத்துட்டா அவங்க லூயி பக்கம் நிக்க காரணம் என்ன இருக்கு? 1216 நவம்பர்ல அதே சாசனத்தை, 61ஆவது பிரிவையும் வரிக்குப் பொது ஆலோசனைங்கற பிரிவையும் தூக்கிட்டு, அரசாங்கமே திரும்ப வெளியிட்டுச்சு. ராஜாவுக்கு இன்னும் முத்திரை இல்ல, அதனால மார்ஷலோட முத்திரையும் போப்போட தூதர் குவாலாவோட முத்திரையும் பதிச்சாங்க. போன வருஷம் போப் ரத்து பண்ணின பேப்பர், இந்த வருஷம் போப்போட தூதர் முத்திரையோட! இன்னொசென்ட் அந்த ஜூலையிலேயே செத்துட்டாரு, புது போப்புக்குக் குழந்தை ராஜாவைக் காப்பாத்தறதுதான் முக்கியம்.

1217ல லிங்கன்லயும் சாண்ட்விச் கடல்லயும் லூயி ஆட்கள் தோத்து ஊருக்குப் போயிட்டாங்க. அந்த நவம்பர்ல சாசனம் மறுபடி வந்துச்சு, கூடவே காட்டுச் சாசனம்னு தனியா ஒண்ணு. ராஜாவோட காடுன்னா வெறும் மரம் இல்ல, ராஜா வேட்டைக்குன்னு ஒதுக்கி தனிச் சட்டம் போட்ட மொத்த நிலப்பரப்பும், அதுல ஊரும் வயலும் கூட வரும். இனிமே ராஜாவோட மானுக்காக யாரோட உயிரையும் உறுப்பையும் எடுக்க மாட்டோம்னு இதுல எழுதினாங்க. சாதாரண ஜனத்தோட அன்றாட வாழ்க்கையை நேராத் தொட்டது இதுதான்னு சொல்லலாம், ஆனா இதோட ஆண்டுவிழா யாருக்கும் ஞாபகம் வர்றதில்ல. ரெண்டு சாசனம் இருந்ததால பெருசை வேறுபடுத்திச் சொல்லத்தான் மேக்னா கார்ட்டா, பெரிய சாசனம்ங்கற பேரே வந்துச்சு, 1215ல அந்தப் பேரு இல்ல.

1225 பிப்ரவரி 11 தான் திருப்புமுனை. ஹென்றி வளர்ந்துட்டாரு, பிரான்ஸ் லா ரோஷெல் துறைமுகத்தைப் பிடிச்சுடுச்சு, போருக்குப் பணம் வேணும். அசையும் சொத்துல பதினஞ்சுல ஒரு பங்கு வரி கேட்டாரு. சரி தர்றோம், சாசனத்தை உறுதி பண்ணுங்கன்னாங்க. இந்தத் தடவை ராஜா என் சொந்த விருப்பத்துலதான் குடுக்கறேன்னு எழுதினாரு, அதனால ஜான் மாதிரி கட்டாயப்படுத்திட்டாங்கன்னு பின்னாடி சொல்ல முடியாது. இந்தச் சாசனத்துக்குப் பதிலாத்தான் இந்த வரின்னு அதுலயே எழுதியிருக்கு. சுமார் 40,000 பவுண்டு வசூலாச்சு.

இந்த டீல் பழக்கமாயிடுச்சு. ராஜாவுக்குப் பணம் வேணும், பிரபுக்கள் கூடிப் பேசணும், சாசனத்தை உறுதி பண்ணினா பணம். 1216லயே தூக்கிப்போட்ட "வரிக்கு ஆலோசனை" பேப்பர்ல இல்லாமலேயே நடைமுறையில திரும்ப வந்துடுச்சு, பார்லிமென்ட் வளர்ந்தது இந்தப் பேரத்துலதான். 1297ல ஹென்றியோட மகன் முதலாம் எட்வர்டும் போர்ச் செலவுல மாட்டி இதையே உறுதி பண்ணாரு, அப்ப சாசனம் சட்டப் பதிவேட்டுல ஏறுச்சு. 1354ல வந்த ஒரு சட்டம் "சுதந்திரமான மனுஷன்"ங்கற இடத்துல எந்த நிலையில இருக்கற மனுஷனா இருந்தாலும்னு மாத்துச்சு.

அப்புறம் ஒரு நீண்ட தூக்கம். 1590கள்ல ஷேக்ஸ்பியர் ஜான் மன்னர் பத்தி நாடகம் எழுதறாரு, அதுல மேக்னா கார்ட்டா பத்தி ஒரு வரி கூட இல்ல. 17ஆம் நூற்றாண்டுல எட்வர்ட் கோக்ங்கற சட்ட வல்லுநர்தான், ஸ்டூவர்ட் ராஜாக்களோட மோதறப்ப தூசி தட்டி எடுத்து, பார்த்தீங்களா, ராஜாவும் சட்டத்துக்குக் கீழதான்னு வாதாடினாரு. 1628 உரிமை விண்ணப்பம் இதைச் சொல்லித்தான் எழுதினது. அமெரிக்கா போனவங்க இந்த வாதத்தைக் கையோட எடுத்துட்டுப் போனாங்க. நம்ம அரசியலமைப்போட 21ஆவது பிரிவு, சட்டம் வகுத்த நடைமுறைப்படி இல்லாம யாரோட உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாதுன்னு சொல்றது, அந்த 39ஆவது பிரிவோட தூரத்துச் சொந்தம்தான்.

சுருக்கினா: 1215ல செத்துச்சு, 1216ல அரசியல் தேவைக்காக எழுந்துச்சு, 1225ல வரிக்கு விலையா நிலைச்சுச்சு, 1297ல சட்டமாச்சு, 1600களுக்கு மேல சின்னமாச்சு.

அப்ப பிறந்தநாள் எது?

800வது ஆண்டை 2015ல கொண்டாடினாங்க. பிப்ரவரியில அந்த நாலு பிரதியையும் முதல் தடவையா பிரிட்டிஷ் நூலகத்துல ஒண்ணா வச்சாங்க, குலுக்கல்ல தேர்ந்தெடுத்த 1,215 பேருக்குத்தான் பார்க்க வாய்ப்பு. ஜூன் 15 எலிசபெத் ராணி ரன்னிமீட்டுக்கே வந்தாங்க. நூறு வருஷம் முன்னாடி 700வது ஆண்டு 1915ல, முதல் உலகப்போர் நடுவுல, பெருசா ஒண்ணும் பண்ண முடியல. 2025ல 1225 சாசனத்துக்கு 800 ஆச்சு, 2015 கூட்டத்தோட ஒப்பிட்டா அதைக் கவனிச்சவங்க ரொம்பக் கம்மி, எனக்கு அது நியாயமாவே படல.

ஜூன் 15லயும் ஒரு சிக்கல். அன்னைக்கு ஓடினது ஜூலியன் காலண்டர், பிரிட்டன் இப்ப இருக்கற கிரிகோரியன் காலண்டருக்கு மாறினது 1752ல. 13ஆம் நூற்றாண்டுல ரெண்டுக்கும் 7 நாள் வித்தியாசம், அதனால சூரியன் கணக்குப்படி பார்த்தா அந்த நாள் ஜூன் 22. சாசனத்துல 1215ன்னும் எழுதல, "நம் ஆட்சியின் பதினேழாம் ஆண்டு"ன்னுதான் இருக்கு, நம்ம சோழர் கல்வெட்டுல ராஜா பேருக்கு அப்புறம் யாண்டு இத்தனைன்னு வர்ற அதே பழக்கம். இதுல ஜான் கேஸ் இன்னும் குழப்பம்: அவருக்கு முடி சூட்டினது இயேசு விண்ணேற்றத் திருநாள் அன்னைக்கு, அந்தப் பண்டிகை ஒவ்வொரு வருஷமும் வேற வேற தேதியில வரும், ஆட்சியாண்டு அதுலேருந்து எண்ணினதால அவரோட ஒரு வருஷம் சில சமயம் 365 நாளுக்கு மேல, சில சமயம் கீழ. ஜான் ஆவணத்துக்குத் தேதி போடற ஆராய்ச்சியாளர்கள் கையில ஒரு பட்டியலோடதான் உட்காருவாங்க.

பழைய பிரதிகள் இன்னும் கிடைச்சுக்கிட்டுதான் இருக்கு. ஹார்வர்டு சட்டப்பள்ளி 1946ல 27 டாலர் 50 சென்ட்டுக்குச் சாதாரண நகல்னு நினைச்சு வாங்கி வச்சிருந்த ஒண்ணு, 1300ஆம் வருஷம் முதலாம் எட்வர்ட் வெளியிட்ட அசல் பிரதின்னு 2025ல ரெண்டு பிரிட்டிஷ் பேராசிரியர்கள் கண்டுபிடிச்சாங்க.

19ஆம் நூற்றாண்டுலேருந்து பழைய சட்டங்களைக் களையெடுத்தப்ப சாசனத்தோட பிரிவுகள் ஒவ்வொண்ணா ரத்தாகிப் போச்சு, காட்டுச் சாசனம் 1971ல முழுசாப் போச்சு. இங்கிலாந்து சட்டப் புத்தகத்துல இன்னும் உயிரோட இருக்கறது சர்ச்சோட சுதந்திரம், லண்டனோட பழைய உரிமைகள், அப்புறம் 39ஐயும் 40ஐயும் சேர்த்து 29ன்னு நம்பர் போட்ட அந்தப் பிரிவு. இது எல்லாமே அங்க 1297ஆம் வருஷச் சட்டம்னுதான் பதிவாகியிருக்கு, ஜான் பேருல எதுவும் இல்ல. அந்தக் கணக்குப்படி 800வது ஆண்டு 2097ல வரும்.